உங்கள் படம் ஏற்கப்படவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, அப்டன் பார்க் ஸ்டேஷன் பிளாட்பாரம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் வர நாலு நிமிஷம் இருந்தது. போனைப் பார்த்தேன். முந்தின வாரம் அனுப்பிய பன்னிரண்டு படங்களில் பதினொன்று ரிஜெக்ட். ஐந்துக்கு நாய்ஸ், இரண்டுக்கு ஃபோகஸ், மூன்றுக்கு டிரேட்மார்க் பிரச்சினை, ஒன்று "ஏற்கெனவே அனுப்பியதைப் போலவே இருக்கிறது". ஒரே ஒரு படம் பாஸ். வெள்ளைத் தாளில் கிடந்த மூன்று முருங்கைக்காய்.

ஆபீஸில் நான் எழுதின புரோகிராமை யாராவது "இது சரியில்லை, திருத்து" என்று திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வராது. பத்து வருஷப் பழக்கம். ஆனால் இந்தப் பதினொன்று அன்றைக்கு முழுக்க உறுத்தியது. வைட்சாப்பல் வருவதற்குள் மனசுக்குள் மூன்று பதில் மெயில் எழுதிவிட்டேன்.

ஸ்டாக் போட்டோ பற்றித் தெரியாதவர்களுக்கு: வங்கி விளம்பரத்திலும் பல் டாக்டர் கையேட்டிலும் சிரிக்கிறார்களே, அந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. நாம் படத்தை ஏற்றுவோம், அவர்கள் பரிசோதிப்பார்கள், யாராவது வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. ஷட்டர்ஸ்டாக்கை ஜான் ஓரிங்கர் 2003ல் தொடங்கியபோது, தானே எடுத்த 30,000 படங்களை வைத்துத்தான் கடையைத் திறந்தார். 2020 ஜூனில் அவர்கள் வைத்த கணக்குப்படி பங்கு 15 சதவீதத்தில் ஆரம்பித்து, விற்க விற்க 40 வரை ஏறும். ஜனவரி 1 வந்தால் எல்லாரும் மறுபடி ஒன்றாம் வகுப்பு. அதனால் இதை வைத்து வீட்டுக்கடன் அடைக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நான் கிளம்பியதற்குக் காரணம் மகளுடைய பள்ளி போஸ்டர். "எங்கள் வீட்டுச் சாப்பாடு" என்று தலைப்பு. முருங்கைக்காய் படம் வேண்டுமென்று ஆங்கிலத்தில் தேடினால் திரை முழுக்க கோழிக்கால், நடுநடுவே மேளம் அடிக்கிற குச்சி. ஏழு வயசுக்காரிக்குச் சிரிப்பு. எனக்கு ரோஷம். குயின்ஸ் மார்க்கெட் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேமராவோடு கிளம்பினேன்.

அங்கேதான் முதல் பாடம். குயின்ஸ் மார்க்கெட் கூரை போட்ட சந்தை, உள்ளே வெளிச்சம் குறைவு. கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிவிடும். போன் திரையில் வெண்டைக்காய் பளபளவென்று இருக்கும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மேலே ரவையைத் தூவின மாதிரி. பரிசோதிக்கிறவர்கள் பார்ப்பது அந்த ரவையைத்தான், ஏனென்றால் வாங்குகிறவர் அதைச் சுவர் அளவுக்கு அடிக்கலாம். ஃபோகஸும் அப்படித்தான். பின்னணி மங்கலாக இருந்தால் அழகு என்று லென்ஸை எஃப் 1.8ல் திறந்து வைத்தேன். பாகற்காயின் நுனி மட்டும் கூர்மை, மற்றதெல்லாம் பனிமூட்டம்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் டிரைபாடை விரித்தால் பாட்டிமார் வண்டியை மேலேயே ஏற்றுவார்கள். அதனால் காயை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரம் வெள்ளைத் தாளை விரித்து, ஐஎஸ்ஓ 200, எஃப் 8 என்று வைத்து நிதானமாக எடுத்தேன். எடுத்த காயிலேயே சாம்பாரும் ஆச்சு. பாஸான அந்த மூன்று முருங்கைக்காய் அப்படி வந்ததுதான்.

டிரேட்மார்க் விஷயம் வேறு மாதிரி. பார்க்கிங் ரோடும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கிற முனையில் உலகக் கோப்பைச் சிலை இருக்கிறதே, பாபி மூரைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பது, 2003ல் வைத்தது, அதை மாலை வெயிலில் எடுத்தேன். என் கணக்கில் அந்த வருஷத்தின் நல்ல படம். ரிஜெக்ட். எனக்கு ஆத்திரம். பிரிட்டனின் 1988 காப்பிரைட் சட்டம், 62ஆவது பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கிற சிலையை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்கிறது. அதை எழுதி அனுப்பவும் செய்தேன். பதில் வரவில்லை. பிறகுதான் உறைத்தது: வாங்குகிறவர் அமெரிக்காவில் இருக்கலாம். அங்கே இந்தச் சலுகை கட்டடத்துக்கு உண்டு, சிலைக்கு இல்லை. ஸ்டேஷன் வாசல் படத்தில் அண்டர்கிரவுண்டின் சிவப்பு வட்டம் தெரிந்தது, அதுவும் பதிவு செய்த டிரேட்மார்க். இப்படிப்பட்ட படங்களை விளம்பரத்துக்கு இல்லை, செய்திக்கு மட்டும் என்ற பிரிவில், இடமும் தேதியும் எழுதி அனுப்பினால் பல சமயம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் தவறான கவுண்டரில் நின்று சண்டை போட்டிருக்கிறேன்.

"ஏற்கெனவே அனுப்பியதைப் போலவே" என்ற காரணத்துக்கு நான் வாயே திறக்கவில்லை. பிறந்தநாளுக்கு முந்நூறு படம் எடுத்து முந்நூறையும் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிற ஆள் நான்.

இப்போது ஒரு ஷீட்டில் குறித்து வைக்கிறேன்: படம், காரணம், என்ன திருத்தினேன். பாதிக்கு மேல் நாய்ஸும் ஃபோகஸும்தான். மனசு வலிக்கிறது என்று எழுத அதில் கட்டம் இல்லை. அது கொஞ்சம் உதவியது.

ஆனால் நான் சொல்ல வந்த ரிஜெக்ட் வேறு.

பொங்கலன்று வெளியே தூறல். மகள் வீட்டுக்குள் நடையிலேயே கோலம் போட்டாள். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு, மூக்கில் மாவு. ஒரு படம் அபாரமாக அமைந்தது. நாய்ஸ் இல்லை, ஃபோகஸ் கண்ணில் நின்றது. அனுப்பினேன். திரும்பி வந்தது: படத்தில் இருப்பவரின் ஒப்புதல் படிவத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை.

குழந்தைக்குப் பதில் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும், நான் போட்டிருந்தேன். படம் எடுத்தவரே சாட்சியாக முடியாது. மனைவியிடம் நீட்டினேன். பேனாவை வாங்கியவள் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பத்தியில் நின்றாள்.

"ஏங்க, இதை முழுசாப் படிச்சீங்களா?"

"எல்லாம் வழக்கமான ஃபார்ம்தான்மா."

"ஆபீஸ்ல லைசென்ஸ் படிக்காம ஒரு லைப்ரரிகூடச் சேர்க்க மாட்டேன்னு பெருமை பேசுவீங்களே?"

உட்கார்ந்து படித்தேன். உலகம் முழுவதும், காலவரையின்றி, எந்த ஊடகத்திலும், திரும்பப் பெற முடியாது. ஆபாசத்துக்கும் இழிவுபடுத்தவும் பயன்படுத்தக் கூடாது என்று விற்பனை விதி தடுக்கிறது, சரி. ஆனால் நாளைக்கு நான் படத்தை நீக்கினாலும், அதற்குள் வாங்கியவர்களிடம் அது இருக்கும். ஹங்கேரியின் ஆண்ட்ராஷ் அராடோ ஒரு எலக்ட்ரிகல் என்ஜினியர். ஸ்டாக் படத்துக்குச் சிரித்த சிரிப்பு, வலியை மறைக்கும் ஹரால்ட் என்ற மீமாக உலகம் சுற்றியது. அவர் அதைச் சிரித்து ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் வளர்ந்த ஆள், சம்மதித்தது அவரே. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் ஷட்டர்ஸ்டாக் ஓப்பன்ஏஐயோடு செய்த ஏற்பாட்டை அறிவித்தது. 2023 மார்ச்சில் வந்த அடோபியின் ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக் படங்களைப் படித்துப் பழகியது. மாவு ஒட்டிய மூக்கு எந்த மெஷினுக்குள் போகும் என்று, அந்தத் துறையிலேயே இருக்கிற எனக்கே சொல்லத் தெரியாது.

விடாமல் வாதாடினேன். இங்கே வளர்ந்த உங்களில் பலருக்கும் இந்தக் குறை இருக்கும்: புத்தகத்திலும் விளம்பரத்திலும் நம்ம பிள்ளை மாதிரி ஒரு முகம் இல்லை. நாமே கொடுக்காவிட்டால் எப்படி வரும்?

"வரட்டும். அதுக்கு நம்ம பொண்ணைக் கேக்காம ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

மகள் பக்கத்தில் வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். படத்துக்குக் கீழே நான் அடித்த தேடுசொற்களை எழுத்துக்கூட்டினாள். இந்தியன். ஆசியன். சிறுமி. சிரிப்பு. பாரம்பரியம்.

"என் பேரு எங்கப்பா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"அப்போ வாங்கறவங்க எனக்கு வேற பேரு வெப்பாங்களா?"

வைக்கலாம். விளம்பரத்தில் எந்தப் பெயரும் வைக்கலாம். வாபஸ் பட்டனை அழுத்தினேன்.

மறுநாள் முகத்தை வெட்டி, கையும் கோலமும் மட்டும் அனுப்பினேன். ரிஜெக்ட். ஃபோகஸ் முகத்தில் இருந்ததால் விரல் மங்கல். காரணம் நூறு சதவீதம் நியாயம்.

போன சனிக்கிழமை திரும்ப எடுக்கலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். "இந்தத் தடவை நீங்க கோலம் போடுங்க, நான் எடுக்கிறேன்" என்றாள். கேமராவை எஃப் 8ல் வைத்துக் கொடுத்தேன். ஐந்து புள்ளிக் கோலத்தில் ஆறாவது புள்ளி எப்படி வந்ததென்று தெரியவில்லை. மாவு படிந்த என் கை, கோணல் கோடு, ஜன்னல் வெளிச்சம். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன், ரவை இல்லை.

எடுத்தவள் அவள், காப்பிரைட் அவளுடையது. அனுப்பலாமா என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.