உள நோயும் நோய்தான்: காலம் கடத்தாமல் கிளினிக் போவோம்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் வல்வெட்டித்துறையில் விளக்கேற்றுவார்கள். 1989 ஆகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள், இந்திய அமைதிப்படையின் கையில், அந்தச் சிறிய கரையோரப் பட்டினத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். கண்ணால் கண்டதை மனம் என்ன செய்யும்?

போர்க்காலத்தின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராக இருந்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். வடக்கில் தான் கண்ட மனக்காயங்களை 1998இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். ‘மனவடு’ என்று தமிழிலும் எழுதினார். அவர் சொன்னவற்றில் ஒன்று நமக்கு மிகவும் முக்கியம். நம் சனங்கள் "மனம் சரியில்லை" என்று வைத்தியரிடம் போவதில்லை. தலையிடி, நெஞ்சிறுக்கம், உடம்பெரிவு, கைகால் உளைவு என்றுதான் போகிறார்கள். அந்த நோவு நடிப்பல்ல. மனத்தின் பாரம் உண்மையாகவே உடம்பில் இறங்குகிறது. அங்கே உளநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்ததால், ஆசிரியர்களுக்கும் கிராம மட்ட ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலம் வீடுகளுக்குப் போனார்கள்.

கடற்கரைக் கதை மலைநாட்டு ஏட்டில் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தவறு ஒன்றைச் சொல்வதற்காகத்தான்.

ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா. நன்றாகக் கொழுந்து எடுத்தவர், மெல்ல மெல்லக் குறைந்துபோனார். வாரத்தில் இரண்டு நாள் பெரட்டுக்கு வரமாட்டார். டிஸ்பென்சரியில் இடுப்பு வலி என்பார், பனடோல் கிடைக்கும். நிர்வாகம் அரைப்பேர் போட்டது, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது. தோட்டத் தலைவர் விஷயத்தை நம்மிடம் கொண்டுவந்தார். பேசினோம், வாதாடினோம், அரைப்பேரை முழுப்பேராக்கினோம். வெற்றி என்று மார்தட்டிக்கொண்டோம். கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் பிணமாக வந்த நாளிலிருந்து அந்தத் தாய் இரவில் உறங்கியதே இல்லை என்பது நமக்குத் தெரியாது. நாம் கேட்கவில்லை. கேட்டவர் லயத்துக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸி. அவர்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இன்று அந்த அக்கா மலைக்குப் போகிறார்.

கவலை எல்லாருக்கும் வரும். சாவு வீட்டில் அழாதவர் யார்? ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக ஒருவர் உறங்காமல், சாப்பிடாமல், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால், அது நோயாக இருக்கலாம், காட்ட வேண்டும். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றாலோ, பிள்ளை பெற்ற சில நாட்களில் தாய் நிலை தடுமாறினாலோ காத்திருக்கக் கூடாது. கோடாங்கியிடம் போவதைத் தடுக்க நாம் வரவில்லை, அது அவரவர் நம்பிக்கை. வைத்தியரிடமும் போங்கள், முதலில் போங்கள்.

குடியைப் பற்றியும் ஒன்று. தினமும் நிறையக் குடித்தவர் மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். லயத்தில் பேய் பிடித்தது என்கிறார்கள். பேயல்ல. நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று குடியை இழந்ததால் வரும் ஆபத்து அது. வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். உடனே ஆஸ்பத்திரி. குடியை விடத்தான் வேண்டும். வைத்தியரிடம் சொல்லிவிட்டு விடுவது நல்லது.

"செத்துப்போகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் சிரித்துத் தள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பேச ஆள் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் மருந்துப் போத்தல் இருந்தால் எடுத்துவிடுங்கள். 1995இல் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை வீதங்களில் ஒன்று நமது நாட்டில் இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளையும், பின்னர் நம் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பரகுவாட்டையும் தடை செய்த பிறகு எத்தனையோ உயிர்கள் தப்பின. கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் கடந்துபோகும். பொலிஸுக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இந்நாட்டில் குற்றமல்ல.

அரசாங்க வைத்தியசாலையில் உளநல கிளினிக் இலவசம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாகும். மூன்று நாளில் குணமில்லை என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். குணமானதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம்.

சங்கத்தின் பங்கும் இருக்கிறது. கிளினிக் நாளில் பேர் வெட்டப்பட்டால் யார் கிளினிக் போவார்? காய்ச்சலுக்கு உள்ள மரியாதை இந்த நோய்க்கும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்போம். அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு வரும் தோட்டத் தலைவர்கள், தத்தம் பகுதி வைத்தியசாலையில் உளநல கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வரவேண்டும். பெரட்டுக் களத்தில் அந்த நாளை எழுதி ஒட்டுவோம்.