டெக்சாஸ் ஸ்டேட் போன இடத்துக்கு யார்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இப்போது ஓயாத மியூசிக்கல் சேர்தான். 2024-ல் 10 பல்கலைக்கழகங்கள் வெளியேற, 'பேக்-12' கூட்டமைப்பில் மிஞ்சியது இரண்டே இரண்டு. அமெரிக்கன் ஃபுட்பாலில் முதல்நிலைக் கூட்டமைப்பாக நீடிக்க எட்டு அணிகளாவது வேண்டும். அந்த எட்டாவது அணியாக, 2025 ஜூன் கடைசியில் 'சன் பெல்ட்' கூட்டமைப்பிலிருந்து டெக்சாஸ் ஸ்டேட்டை இழுத்தார்கள். விலகல் கட்டணம் மட்டும் 50 லட்சம் டாலர்!

சரி, காலியான இடம்? இரண்டே வாரத்தில் லூசியானா டெக்கை அழைத்துவிட்டது சன் பெல்ட். டெக்சாஸ் அளவுக்குப் பெரிய டி.வி மார்க்கெட் கிடையாது. ரஸ்டன் என்கிற சின்ன ஊர். ஆனாலும் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள். பழைய கூட்டமைப்பான 'கான்ஃபெரன்ஸ் யூ.எஸ்.ஏ'வில் டெலவேர், மயாமி, நியூ மெக்சிகோ என்று திசைக்கொரு பயணம். ஃபுட்பால் பையன்களுக்கு மட்டுமல்ல, வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளுக்கும் இதே அலைச்சல்தான். நடுவில் வகுப்பு, பரீட்சை வேறு! சன் பெல்ட்டில் இருக்கும் மன்றோ அணியோடு மோத, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பக்கத்து ஊர்ப் போட்டி என்றால் கேலரியும் நிரம்பும்தானே?

பாவம், கான்ஃபெரன்ஸ் யூ.எஸ்.ஏ! அடுத்து ஆள் தேடும் முறை அவர்களுடையது.