ஒரே மெட்டு, மூன்று வரிகள்

தோழர்களே,

போன மே தின ஊர்வலம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, யாரோ ஸ்பீக்கரில் சோவியத் கீதத்தைப் போட்டார்கள். கைமுட்டிகள் உயர்ந்தன. என்ர கையும்தான், அந்த மெட்டு ஆளை உலுக்கும். பக்கத்தில் நின்ற உக்ரேனியத் தோழி மட்டும் பேசாமல் விலகிப் போனாள். அன்றிரவு அந்தப் பாட்டின் கதையைத் தேடி வாசித்தேன்.

1944 வரை சோவியத் ஒன்றியத்தின் கீதம் 'சர்வதேச கீதம்'. பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்ட 1871இல் யூஜின் போத்தியே எழுதியது. அது எந்த நாட்டையும் புகழவில்லை. எந்த நாட்டுத் தொழிலாளியும் பாடலாம். போரின் நடுவே, 1943இல், கம்யூனிஸ்ட் அகிலம் கலைக்கப்பட்டது. அடுத்த வருடம் கீதமும் மாறியது. அலெக்ஸாண்ட்ரோவின் மெட்டு, செர்கேய் மிகல்கோவும் எல்-ரெகிஸ்தானும் எழுதிய வரிகள். அதில் ஸ்டாலின் பெயர் இருந்தது.

1956இல் குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்த பிறகு அந்த வரிகளைப் பாட வழியில்லை. சுமார் 20 வருடங்கள் வெறும் இசைதான். 1977இல் அதே மிகல்கோவ் ஸ்டாலினை எடுத்துவிட்டுத் திருத்திக் கொடுத்தார். ஒன்றியம் உடைந்தபோது ரஷ்யா, வரிகளே இல்லாத க்ளிங்காவின் மெட்டுக்குப் போனது. 2000இல் புட்டின் பழைய மெட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். வரிகள்? அதே மிகல்கோவ், 87 வயதில். இந்த முறை லெனின் இல்லை, கடவுள் வந்துவிட்டார்.

மிகல்கோவைப் பார்த்துச் சிரிப்பது லேசு. ஆனால் நாங்கள் கை உயர்த்திய மெட்டு, இன்று உக்ரைன் மீது குண்டு போடும் அரசின் தேசிய கீதம். அந்தத் தோழிக்கு அது வரலாறு இல்லை, நேற்றைய செய்தி.

"பாசிசத்தை வென்றவர்களின் பாட்டல்லவா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்டாலின்கிராட் போர் 1943 பெப்ரவரியில் முடிந்தது. அங்கே செத்து விழுந்த செம்படை வீரர்களின் நாட்டுக்கு அப்போது சர்வதேச கீதம்தான் கீதம்.

அரசு தன் தேவைக்குப் பாட்டை மாற்றும் என்பதை எங்கட சனத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இலங்கைச் சுதந்திர தின விழாவில் 2016இல் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020இல், ஆட்சி மாறியதும், தமிழை விட்டுவிட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு முன் சர்வதேச கீதத்தைத் தமிழில் பாடிப் பழகுவோம். ஸ்பீக்கர் வேண்டாம், எங்கட குரலே போதும். அந்தத் தோழியும் தன் மொழியில் சேர்ந்து பாடலாம். உடன்படாதவர்கள் பதில் எழுதுங்கள், அடுத்த மடலில் போடுவோம்.

தோழமையுடன்.