பூனைக்கு விளையாட்டு

"பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராண சங்கடம்" என்று நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐரோப்பாக் கண்டத்தின் தென்மேற்குக் கோடியில், ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்களின் கரையோரத்தில், இந்தப் பழமொழிக்கு 2020-ம் வருஷம் முதல் புதிய வியாக்கியானம் ஒன்று எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவர் ஆறு கெஜ நீளமுள்ளவர்; கறுப்பு மேனியும் வெள்ளை வயிறும் உடையவர். பேனாவுக்குப் பதிலாக அவர் உபயோகிப்பது தமது மூக்கு!

நேயர்கள் ஒரு சிறு பாய்ப்படகில் ஜிப்ரால்டர் ஜலசந்தியை நெருங்கிக்கொண்டிருப்பதாகச் சற்றுக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஸ்பெயின், எதிர்ப்பக்கம் மொராக்கோ. மிகக் குறுகிய இடத்தில் இரண்டுக்கும் இடையே சுமார் ஒன்பது மைல்தான். மாலைக் காற்று இதமாக வீசுகிறது. சமையல் அறையில் காப்பி கொதிக்கிறது. திடீரென்று படகுக்குப் பின்னால் "புஸ்" என்று பெருமூச்சு ஒன்று கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறீர்கள். நீருக்கு மேலே கரிய துடுப்பு ஒன்று எழும்பி மறைகிறது. அடுத்த கணம், உங்கள் கையிலிருக்கும் சுக்கான் சக்கரம் உங்களைக் கேட்காமலே சுழல ஆரம்பிக்கிறது! படகின் பின்புறம் நீருக்குள் தொங்கும் சுக்கான் பலகையை யாரோ பிடித்து ஆட்டுகிறார்கள். படகு முழுவதும் நடுங்குகிறது. கரையோ கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கைக்கு எட்டாது.

இவ்விதமாக வந்து நிற்கும் விருந்தாளிக்குத்தான் "கொலைகாரத் திமிங்கிலம்" என்று பெயர். ஓர்க்கா என்றும் சொல்வார்கள். உண்மையில் அது டால்பின் இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்திலேயே மிகப் பெரியது. சாஸ்திரக்காரர்கள் அதற்குச் சூட்டியிருக்கும் லத்தீன் பெயரிலேயே யமலோகத்தின் வாடை வீசுகிறது. பழைய ரோமாபுரியார் மரணத்தின் தேவனை "ஓர்க்கஸ்" என்றுதான் அழைத்தார்கள்.

பெயர் இப்படியிருக்க, குடித்தனமோ நம்முடைய கூட்டுக் குடும்பத்தைப் போன்றது. தாயைச் சுற்றித்தான் குடும்பம். வட பசிபிக் கடலின் கரையோரத்தில் மீன் தின்று வாழும் ஓர்க்காக்களில், பிள்ளைகள் வளர்ந்து பெரிய ஆண்களான பிறகும் தாயை விட்டுப் பிரிவதில்லை. பிள்ளைப்பேறு நின்றுபோன பாட்டிகள் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்து, மீன் அகப்படாத பஞ்ச காலத்தில் முன்னே நீந்தி வழிகாட்டுகிறார்கள் என்று 2015-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. தனிப் பழக்கங்களும் உண்டு. பாட்டி சொல்லித்தராததை அவை எளிதில் செய்வதில்லை. ஒன்று கற்றுக்கொண்டதை மற்றவை பார்த்துப் பழகாமல் இருப்பதுமில்லை.

ஜலசந்தியில் வாழும் கூட்டம் சூரை மீனை நம்பிப் பிழைப்பது. வசந்த காலத்தில் அட்லாண்டிக் மகா சமுத்திரத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் முட்டையிட வரும் பெரிய சூரை மீன்களை அவை ஓட ஓட விரட்டிக் களைக்க வைத்துப் பிடிக்கும். செம்படவர் தூண்டிலில் மாட்டிய மீனை, மேலே வந்து சேர்வதற்குள் தின்றுவிட்டுத் தலையை மட்டும் மிச்சம் வைக்கும் வித்தையையும் சில குடும்பங்கள் கற்றிருக்கின்றன. அது பழைய வழக்கு. சுக்கானைப் பிடிப்பதுதான் புதியது.

2022-ல் போர்ச்சுகல் கரையருகே இரண்டு பாய்ப்படகுகள் இவ்விதம் மூழ்கின. 2023-ம் வருஷம் மே மாதத்தில், பார்பாத்தே என்னும் ஸ்பெயின் தேசத்துத் துறைமுகத்துக்கு அருகே மற்றொன்று. பெரிய ஓர்க்கா ஒன்று சற்றுத் தூரம் பின்வாங்கி வந்து மோதியதாகவும், சிறியவை இரண்டும் அதைக் கவனித்திருந்து தாமும் அப்படியே மோதியதாகவும் அந்தப் படகின் தலைவர் சொன்னார். பள்ளிக்கூடம் நடந்த மாதிரிதான்! அதே வருஷம் அக்டோபர் கடைசியில் மொராக்கோக் கரையருகே ஒன்று. 2024 மே மாதத்தில் ஜலசந்தியிலேயே இன்னொன்று. படகுகள் போயின, அவற்றில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

செய்தி பரவியதும் உலகத்தார் பலர் குதூகலம் அடைந்தார்கள். "பழி வாங்குகிறது! படகு ஒன்றால் காயம்பட்ட தாய் ஒன்று தன் குலத்தையே திரட்டிப் போர் தொடுத்திருக்கிறது!" என்றார்கள். சீமான்களின் உல்லாசப் படகு கவிழ்ந்ததில் சிலருக்குச் சொல்லொணாத திருப்தி. நமக்கும் கதை பிடித்துத்தான் இருக்கிறது. கண்ணகி மதுரையை எரித்த நாட்டில் பிறந்தவர்களுக்குப் பழி தீர்க்கும் தாயைப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் 2024-ல் இதை ஆராயக் கூடிய நிபுணர்கள் வேறு விதமாக அபிப்பிராயப்பட்டார்கள். கோபமும் இல்லை, பழியும் இல்லை. பெரும்பாலும் இளவட்டங்களின் விளையாட்டு இது. அருகிப்போயிருந்த சூரை மீன் மறுபடியும் பெருகியிருக்கிறது. வயிறு நிறைந்ததும் வேடிக்கை தேடுகின்றன என்பது அவர்கள் ஊகம். சுக்கான் அசைகிறது, தள்ளினால் எதிர்த்துத் தள்ளுகிறது. குழந்தைக்கு இதைவிட நல்ல பொம்மை ஏது? பொம்மை உடைந்ததும் பல சமயங்களில் அவை விட்டுப் போய்விடுகின்றன. 1987-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர்க்கா ஒன்று செத்த சால்மன் மீனைத் தலைமேல் வைத்துக்கொண்டு திரிந்தது. சில வாரங்களில் அந்த நாகரிகம் மற்றக் கூட்டங்களுக்கும் பரவியது. அடுத்த வருஷம் போன இடம் தெரியவில்லை. பட்டணத்துத் தலைப்பாகை மோஸ்தர் இதைவிட அதிக நாள் நீடித்திருக்கிறதா?

*

"விளையாட்டு என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? படகில் இருக்கிறவன் கதி என்ன?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே.

1972-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் காலபகோஸ் தீவுகளுக்கு மேற்கே, "லூசெட்" என்ற 43 அடிப் பாய்க்கப்பலை ஓர்க்காக்கள் மோதிப் பிளந்தன. அதில் டூகல் ராபர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும், அவர் மனைவியும், மூன்று பிள்ளைகளும், ஒரு மாணவரும் இருந்தனர். சில நிமிஷங்களில் கப்பல் மறைந்தது. காற்றடைத்த ரப்பர் மிதவை பதினேழு நாள் தாங்கியது. பிறகு ஒரு சின்னஞ்சிறு தோணியில் ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்து, மழை ஜலத்தையும் ஆமை இரத்தத்தையும் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாம் நாள் ஜப்பானிய மீன்பிடி கப்பல் ஒன்று அவர்களைக் கண்டெடுத்தது. அந்தத் தாயின் மனநிலையில் இருந்து பார்த்தால், திமிங்கிலம் விளையாடிற்றா, வேட்டையாடிற்றா என்ற சர்ச்சைக்கு எள்ளளவும் அர்த்தமில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் மூழ்கி ஆறு பேரும் நீரில் தத்தளித்தபோது, ஒருவர்மேலும் பல் படவில்லை. திறந்த கடலில் சுயேச்சையாகத் திரியும் ஓர்க்கா ஒரு மனிதனையேனும் கொன்றதாக நிச்சயமான சான்று இல்லை. கொன்றது எங்கே தெரியுமா? காட்சித் தொட்டிகளில்! 1991 முதல் 2010 வரையில் சிறைப்பட்ட ஓர்க்காக்களால் நான்கு மனிதர்கள் மாண்டார்கள். அவற்றில் மூன்று மரணங்களில் சம்பந்தப்பட்டது ஒரே ஆண்; 1983-ல் ஐஸ்லாந்துக் கடலில் தாயிடமிருந்து குட்டியாகப் பிடித்துவரப்பட்டது. சமுத்திரத்தில் செய்யாத கொலையைச் சிறையில் செய்த பிராணிக்குக் கொலைகாரன் என்று பெயர் வைத்தது நாம். சிறை வைத்தவனுக்கு என்ன பெயர் என்று இன்னும் யோசிக்கவில்லை.

*

அப்படியானால் படகுக்காரன் என்ன செய்வது? முதலில், "பாயை இறக்கிவிட்டு அசையாமல் நில்" என்று புத்தி சொன்னார்கள். பிறகு ஸ்பெயின் அதிகாரிகள், "நிற்காதே, ஆழம் குறைந்த கரையை நோக்கிப் போ, படகின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதே" என்றார்கள். சிலர் பொறுமையிழந்து பட்டாசு கொளுத்திப் போடுகிறார்கள். துப்பாக்கியே தேவலை என்று பேசுகிறவர்களும் உண்டு.

அவர்கள் ஒரு கணக்கைப் பார்ப்பது நலம். 2011-ல் எண்ணியபோது அந்தக் கூட்டத்தில் இருந்த ஓர்க்காக்கள் மொத்தம் 39. நம் ஊர்க் கலியாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது. முற்றும் அழிந்துபோகும் தறுவாயில் உள்ள பிராணிகளின் பட்டியலில் 2019-ல் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பாட்டி போனால் ஒரு குடும்பத்தின் அறிவு போயிற்று; ஒரு குட்டி போனால் ஒரு தலைமுறை போயிற்று.

உல்லாசப் படகில் வருகிறவனும் விளையாடத்தான் வருகிறான். அவனுக்குச் சுற்றிப் போக வழியிருக்கிறது. ஒரு நாள் தாமதித்தால் குடி முழுகிப்போவதில்லை. அந்த முப்பத்தொன்பதுக்கோ சூரை மீன் வரும் வாசல் அந்த ஒன்பது மைல்தான். கரையோரமாக ஒதுங்கிப் போகிறவனுக்கு மானம் ஒன்றும் குறைந்துவிடாது. பாட்டியின் பழமொழியில் பூனை யார், எலி யார் என்பதைச் சுக்கான் உடைகிற அந்த ஒரு நிமிஷத்தை வைத்துத் தீர்மானிக்காமல் இருந்தால் போதும்.