ஓய்ந்திருக்கும் வலக்கை

மருத்துவமனையில் ஒருவரைப் பார்க்கச் செல்லும்போது வெறுங்கையுடன் செல்லக் கூடாது என்பது நம் வழக்கம். வாசலிலுள்ள கடையில் அரை டஜன் வாழைப்பழம், நான்கு சாத்துக்குடி, ஓர் இளநீர் என வாங்கிக்கொண்டு மாடியேறுகிறோம். வசதியுள்ளோர் சத்துமாவுப் புட்டி ஒன்றையும் சேர்த்துக்கொள்வர். இவ்வழக்கத்தின் பின்னுள்ள அன்பில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அந்தப் பையைக் கண்டதும் முதலில் எழுவது அச்சமே. செயலிழந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் போதிய அளவு வெளியேற்ற இயலாது. வாழைப்பழமும் இளநீரும் சாத்துக்குடிச் சாறும் பொட்டாசியம் மிகுந்தவை. இரத்தத்தில் அதன் அளவு மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றுபோவதும் உண்டு. ஆகவே அந்தப் பையைச் செவிலியர் எடுத்து அப்பால் வைப்பர். கொண்டுவந்தவர் முகம் வாடும். நோயாளி இருவருக்கும் இடையில் கூசிப்போவார்.

அந்தப் பைக்கு மாற்றாகக் கையால் செய்த ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவருமாறு இம்மடலின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதைவிட ஒரு படி மேலே சென்று வேறொன்றையும் சொல்ல விரும்புகிறோம். அட்டையைப் பெறுவதைக் காட்டிலும் அட்டையைச் செய்வதே நோயாளிக்கு உரிய வேலை. பார்க்க வருபவர் அட்டை கொண்டுவருவது நன்று. வெட்டிய தாளும் ஒரு பேனாவும் கொண்டுவருவது அதனினும் நன்று.

இது விளையாட்டுப் பேச்சன்று. டயாலிசிஸ் சிகிச்சை பொதுவாக ஓர் அமர்வுக்கு நான்கு மணி நேரம். வாரம் மூன்று அமர்வு எனில் பன்னிரண்டு மணி நேரம். இரத்தத்தை எடுப்பதற்காகக் கையில் அமைக்கப்படும் ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் அதிகம் பழகாத கையில்தான் அறுவை மருத்துவர் அமைக்கிறார். ஆகவே வலக்கைப் பழக்கமுள்ளவரின் இடக்கையில் இரண்டு ஊசிகள் இருக்கும். அக்கையை மடக்கவோ அசைக்கவோ கூடாது. வலக்கையோ எவ்விதத் தடையுமின்றி இருக்கிறது. எழுதும் கை நோயாளிக்கு மிச்சமாக வேண்டும் என்று எண்ணியே அவ்வாறு செய்கிறோம். அப்படிக் காத்துக் கொடுத்த கையைத் தொலைக்காட்சித் தொடரின் முன்னே பன்னிரண்டு மணி நேரம் போர்வைக்குள் கிடத்தி வைக்கிறோமே என்பதே எங்கள் வருத்தம்.

அச்சிட்ட வாழ்த்து அட்டை பிறந்த கதை இங்கு நினைவுகூரத் தக்கது. 1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்ற அலுவலருக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சிட்டார். தமக்கு வேண்டியதுபோக எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு வந்தன. வணிக நோக்கில் வெளிவந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுவே என்பர். நேரமில்லாதவரின் கண்டுபிடிப்பு அது. எங்கள் பிரிவில் சாய்ந்திருப்போர் நிலை நேர்மாறானது. அவர்களிடம் வேறு எது இல்லாவிடினும் நேரம் இருக்கிறது.

நோய் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்பவற்றுள் உடல்வலிமையை மட்டுமே நாம் கணக்கில் கொள்கிறோம். கொடுக்கும் நிலையிலிருந்து பெறும் நிலைக்கு ஒருவர் தள்ளப்படுவதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நேற்றுவரை குடும்பத்துக்குச் சோறு போட்டவர் இன்று மகனிடம் பேருந்துக் கட்டணத்துக்குக் கைநீட்டுகிறார். ‘நீங்கள் சும்மா உட்காருங்கள்’ என்பதே வீட்டார் அவரிடம் அடிக்கடி கூறும் சொல்லாகிவிடுகிறது. அன்பினால் கூறப்படுவதுதான். நாள்தோறும் கேட்பவருக்கோ அது ‘உம்மால் இனி ஆகக்கூடியது ஒன்றுமில்லை’ என்று ஒலிக்கிறது.

மகளின் திருமணத்தை எதிர்நோக்கியிருந்த ஒரு தந்தை எங்கள் பிரிவில் சிகிச்சை பெற்றுவந்தார். மண்டபம், சமையல், பந்தல் எதற்கும் அவரால் அலைய இயலவில்லை. கேட்டாலும் யாரும் விடவில்லை. தாம்பூலப் பைகளில் கட்டுவதற்கான சிறு அட்டைகளை எழுதும் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு அமர்வுகள், அமர்வுக்கு இருபத்தைந்து, முந்நூறு அட்டைகள். மணமக்கள் பெயரும் நாளும் ஒருபுறம். மறுபுறம், ‘வந்து வாழ்த்தியமைக்கு நன்றி’ என்பதன் கீழ் தம் பெயர். ‘உடம்பு சரியில்லாதவரை ஏன் இப்படி வருத்துகிறீர்கள்?’ என்று அவர் மகன் எங்களிடம் சினந்து கேட்டார். வருத்தவில்லை என்று நாங்கள் விடையளிக்கும் முன்னரே, எழுதியவற்றைப் பத்துப் பத்தாக அடுக்கித் தரும் வேலையைத் தந்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது என்று சொல்ல மாட்டோம். கடைசி ஐம்பதில் வரிகள் சாய்ந்திருந்தன. அவற்றை ஒதுக்கி அச்சகத்தில் புதிதாக அடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் கூறியபோது, மறுத்தவர் அந்த மகன்தான்.

இதனால் நோய் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: அட்டை செய்வதால் கிரியேட்டினின் குறையாது. மாத்திரைக்கோ உணவுக் கட்டுப்பாட்டுக்கோ அது மாற்றாகாது. அவ்வாறு யாரேனும் கூறினால் நம்ப வேண்டா. நான்கு மணி நேரம் ஒரு மனிதர் தம் வீட்டுக் காரியம் ஒன்றைச் செய்தார் என்பதே இதில் கிடைப்பது. எங்களுக்கு அது போதும்.

வேலைமுறையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் எங்கள் பிரிவின் நடைமுறைகள் கைவினைக் கடைக்காரர் அறியாதவை. வெட்டுதல், மடித்தல், துளையிடுதல் ஆகிய இரு கை வேலைகளை உடனிருப்பவர் முந்திய நாளே வீட்டில் முடித்துவிட வேண்டும். நகல் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் அட்டைக்கு உதவாது, துவண்டுவிடும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் வரையுள்ள தாள் ஏற்றது. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டைகள், 9 செ.மீ.க்கு 5 செ.மீ. என வெட்டினால் பரிசுப் பையில் கட்டும் அட்டைகள் பன்னிரண்டு. மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்து, மடித்தபின் கரண்டியின் முதுகால் நீவினால் மடிப்பு வெடிக்காது. ஆலைத் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். இருபுறமும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் வாக்கில் மடிப்பதே முறை.

கையால் செய்த தாள் கிடைப்பின் இன்னும் சிறப்பு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைவினைத் தாள் தொழிற்கூடம் 1959 முதல் இயங்கிவருகிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் தாளுக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை; ஓரங்கள் பிசிறாக இருப்பதே அதன் அழகு. ஆனால் சில வகைகளில் மை பரவும் என்பதால், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. செலவே வேண்டாமெனில் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் பழைய திருமண அழைப்பிதழ்கள் ஒரு கட்டு இருக்கும். அச்சில்லாத பின்புறத்தை வெட்டினால் ஓர் ஆண்டுக்குரிய அட்டைகள் கிடைக்கும். (எழுதுபவர் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராயின் பரண் தூசியைக் கிளறும் வேலை அவருக்கு வேண்டா.)

கட்டிலில் இருப்பவருக்கு எஞ்சுவது எழுதுதல், வரைதல், ஒட்டுப்படம் ஒட்டுதல் ஆகியன. டயாலிசிஸின்போது குழாய்களில் இரத்தம் உறையாதிருக்கப் பொதுவாக ஹெப்பாரின் செலுத்துகிறோம். சிறு கீறலும் நெடுநேரம் கசியும். நீரிழிவால் விரலில் உணர்ச்சி குன்றியவருக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. எனவே கட்டிலில் கத்தரியும் பிளேடும் கூடா. இயந்திரம் ஓடத் தொடங்கிய முதல் அரை மணி நேரமும் இறுதி ஒரு மணி நேரமும் ஓய்வுக்கு உரியவை. இரத்த அழுத்தம் இறங்குவதும் தசைப்பிடிப்பும் பெரும்பாலும் அந்த இறுதி மணி நேரத்திலேயே நேர்கின்றன. தலை சுற்றினால் எழுதியது பாதியில் நிற்கட்டும். அடுத்த அமர்வு இருக்கவே இருக்கிறது.

ஒருவர் பேனாவை அடுத்த கட்டிலுக்குக் கொடுக்க வேண்டா. கருமித்தனத்தால் இதைச் சொல்லவில்லை. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகை வைரஸ்கள் டயாலிசிஸ் கூடத்தில் நாங்கள் ஓயாது அஞ்சும் எதிரிகள். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி வழியாகவும் அவை பரவக்கூடும். இயந்திரத்தையும் மேசையையும் துடைக்கலாம். தாளைத் துடைக்க முடியாது. ஆகையால் ஒவ்வொருவருக்கும் தனிப் பை, தனிப் பேனா. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வதால், உலர்ந்த பூ, இலை, நார் முதலியவற்றை அட்டையில் ஒட்டக் கூடாது. பூஞ்சைத் துகள்கள் அவற்றில் தங்கும். மைதாப் பசையும் விரைவில் பூஞ்சை பிடிக்கும். குச்சிவடிவப் பசையே போதும். மினுமினுப்புத் தூளை நாங்கள் முற்றாகத் தடுத்துள்ளோம். தரையில் சிந்தினால் மூன்று நாள் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கண்ணிலும் ஊசி குத்திய இடத்திலும் எண்ணிப் பார்க்கவே எங்களுக்கு மனமில்லை.

எழுதும் சொற்களைப் பற்றியும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. ‘விரைவில் நலம் பெறுக’ என்பது காய்ச்சலுக்கு ஏற்ற வாழ்த்து. நிலையான சிறுநீரகச் செயலிழப்புள்ளவர் மாற்று அறுவை வாய்க்கும்வரை, வாய்க்காவிடில் வாழ்நாள் முழுவதும், டயாலிசிஸுக்கு வர வேண்டியவர். அவ்வாழ்த்தை ஆண்டுதோறும் பெறுபவர், தாம் ஏதோ தேர்வில் தோற்றுக்கொண்டே இருப்பதாக உணரக்கூடும். ‘வரும் வியாழக்கிழமை உங்களை அழைத்துவர நான் வருகிறேன்’ என்று ஒரே வரி எழுதலாம். ‘மின்கட்டணத்தை நான் செலுத்திவிட்டேன்’ என்று எழுதலாம். கவிதை தேவையில்லை. நீரிழிவால் பார்வை மங்கியோர் எங்கள் பிரிவில் பலர். ஆதலால் வெளிர்தாளில் கருமையாலும் பெரிய எழுத்தாலும் எழுதுங்கள். சிவப்பு அட்டையில் பொன்னெழுத்து கடைக்கு அழகு, படிப்பவருக்குத் தண்டனை.

பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக்கும் வேலை இது என்று சிலர் குறை கூறுவர். அக்குறையை நாங்கள் எளிதில் தள்ளிவிடவில்லை. வண்ணப் பென்சிலைக் கொடுத்துக் கைதட்டி, ஒளிப்படம் எடுத்துச் சுவரில் ஒட்டினால் அது உண்மையாகிவிடும். அதனால்தான் போட்டி, பரிசு, கண்காட்சி எதுவும் வேண்டா என்கிறோம். அட்டைக்கு ஒரு முகவரி வேண்டும். உண்மையான பயன் வேண்டும். ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி 1955இல் இரத்தப் புற்றுநோயுடன் மருத்துவமனையிலிருந்தபோது, மருந்து சுற்றிவந்த தாள்களைக்கூட விடாமல் சேர்த்துக் கொக்குகள் மடித்தாள். அவளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அங்கு யாரும் அவளுக்குப் பொழுதுபோக்கு வகுப்பு நடத்தவில்லை. தன் வேண்டுதலுக்காகத் தானே செய்தாள்.

பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு தண்ணீர்ப் புட்டி. நீரிழிவோ இரத்த அழுத்தமோ எதனால் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும், டயாலிசிஸ் பெறுவோருக்கு நாளொன்றுக்கு அருந்தும் நீருக்கு ஓர் அளவு உண்டு. முந்திய நாள் வெளியேறிய சிறுநீருடன் 500 மி.லி. சேர்த்துக் கணக்கிடுவது பொதுவழக்கம். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே சொல்வார். அந்த அளவைப் பேரனோ பேத்தியோ ஓர் அட்டையில் எழுதிப் புட்டியின் கழுத்தில் கட்டட்டும். எங்கள் அச்சிட்ட அறிவுரைத்தாள் சமையலறை ஆணியில் மஞ்சளடித்துத் தொங்குவதைப் பல வீடுகளில் கேள்விப்படுகிறோம். ‘தாத்தா, இவ்வளவுதான்’ என்ற கோணல் எழுத்தைத் தாண்டி ஒரு மிடறு அருந்துவது அவ்வளவு எளிதன்று.

இன்னொரு முகவரி சிறுநீரகம் அளித்தவருடையது. நம் நாட்டில் அளிப்போர் பெரும்பாலும் உறவினர். அவர்களுள் தாயரும் மனைவியரும் மிகுதி. அறுவை முடிந்தபின் பெற்றவரை எல்லாரும் சூழ்ந்துகொள்ள, கொடுத்தவர் மூன்றாம் நாளே சமையலறையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார். நேரில் நன்றி கூற நாணும் கணவர்களுக்கு அட்டை ஒரு வழி. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புப் பெற்றவர்கள் பிரிட்டன் போன்ற நாடுகளில், தம்மை அடையாளம் காட்டாமல், ஒருங்கிணைப்பாளர் வழியாகக் கொடையாளியின் குடும்பத்துக்கு நன்றியட்டை எழுதுகின்றனர். அவ்வழக்கம் நம்மிடையேயும் வேரூன்ற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எழுத விரும்புவோர் பெயர், ஊர், மருத்துவமனை எதையும் குறிக்காமல் எழுதி, எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கலந்துபேசலாம். நேரே அனுப்ப முயல வேண்டா.

மருத்துவர்களுக்கு அட்டை செய்ய வேண்டா. எங்கள் மேசைகளில் இடமில்லை. மூன்றாவது அமர்வுக்கும் விடுப்பெடுத்து வாசலில் காத்திருக்கிறாரே, அவருக்குச் செய்யுங்கள்.

வெட்டிய தாள்களும் நூலும் அடுத்த மாதம் முதல் செவிலியர் மேசையில் உறையிட்டு வைக்கப்பட்டிருக்கும். ஒருவருக்கு ஓர் உறை. பேனாவை வீட்டிலிருந்து கொண்டுவரவும்.