27 பாகையில் மட்டும் வேலை செய்யும் சுற்றுகள்

பாடசாலைப் புத்தாக்கப் போட்டிகளுக்கு இலத்திரனியல் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளிடம் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. சாமான் வாங்க முதல் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்டீஸ்பைஸ் போன்ற மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். இதைக் கண்டு "கேம் விளையாடுறான்" என்று ஏசும் வாப்பாமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திரையில் எரியும் ட்ரான்சிஸ்டருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. விடுங்கள், ஓட்டட்டும்.

என் குறை வேறு. அவர்கள் ஒட்டிக்கொண்டு வரும் வரைபுகள் எல்லாமே 27 பாகை செல்சியஸில் ஓடியவை. அதைப் பிள்ளை தெரிவுசெய்யவில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் தானாகவே 27 என்று எடுத்துக்கொள்ளும். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் நிரலிலிருந்து வந்த வழக்கம் அது, கிட்டத்தட்ட 300 கெல்வின். எங்கள் கிழக்குக் கரையில் ஜூன் மாதத்தில் நிழலிலேயே 33, 34 பாகை. தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் இருக்கும் சுற்றுக்கு 27 எங்கே கிடைக்கப்போகிறது?

சிலிக்கன் ட்ரான்சிஸ்டர் ஒன்றில் அடிக்கும் காலிக்கும் இடையே தேவைப்படும் வோல்ட் அளவு, சூடு ஒரு பாகை ஏற ஏறச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் காலியை நேரே கிரவுண்டில் கொடுத்து, அடியின் வோல்ட்டை மாறாமல் பிடித்து வைத்துப் பாருங்கள். 30 பாகை ஏறும்போது சேகரிப்பான் ஓட்டம் எட்டு, பத்து மடங்காகிவிடும். அதே சுற்றில் காலியோடு ஒரு தடையியைச் சேர்த்து, அதில் 1 வோல்ட் விழும்படி அடியையும் உயர்த்தினால் மாற்றம் 6 சதவீதமளவில் நின்றுவிடும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். காலித் தடையி எதற்கு? வெப்ப உறுதிப்பாட்டுக்கு. மனப்பாடம் செய்தோம், புள்ளியும் எடுத்தோம். கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? இப்போது காண ஒரு வரி போதும். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து 'ஸ்டெப் டெம்ப் 27 67 10' என்று ஆங்கிலத்தில் எழுதினால் 27இலிருந்து 67 வரை ஐந்து கோடுகள் வரும். தடையி இல்லாத சுற்றில் ஐந்தும் விசிறி மாதிரி விரியும். தடையியைப் போட்டதும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். நான் பலகையில் ஒரு பாடவேளை முழுக்க விளக்குவதை அந்தப் படம் அரை நிமிடத்தில் செய்துவிடுகிறது.

அதற்காகத் திரையை அப்படியே நம்பவும் கூடாது. ஓட்ட நயமும் சூட்டோடு கூடும். அதைக் கணிக்க ட்ரான்சிஸ்டர் மாதிரியில் 'எக்ஸ்டிபி' என்றொரு பரமானம் உண்டு. மாதிரியை எழுதியவர் அதைக் கொடுக்காவிட்டால் அது பூச்சியம். எவ்வளவு சூடேற்றினாலும் நயம் அசையாது. இணையத்தில் இறக்கிய மாதிரியைத் திறந்து அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் பாகங்களும் ஒரே சூட்டில் இருப்பதாகவே மென்பொருள் நினைக்கிறது. பள்ளிவாசல் அம்ப்ளிபயரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பலவற்றில் அலுமினியத் தகட்டில் பவர் ட்ரான்சிஸ்டர்களோடு சின்ன ட்ரான்சிஸ்டர் ஒன்றும் ஒட்டியிருக்கும். தகட்டின் சூட்டை உணர்ந்து ஓட்டத்தை அடக்குவது அதுதான். திருத்த வந்தவர் அதைக் கழற்றித் தகட்டுக்கு வெளியே விட்டுவிட்டால் பவர் ட்ரான்சிஸ்டர் சூடாகும், ஓட்டம் கூடும், இன்னும் சூடாகும், கடைசியில் புகைதான். இதைச் சிமுலேஷனில் காண வேண்டுமென்றால் பவர் ட்ரான்சிஸ்டர்களுக்கு மட்டும் தனியாக 80 பாகை என்று கொடுத்து ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சூட்டில் ஓட்டினால் அம்ப் சுகமாக இருப்பதாகவே திரை சொல்லும்.

நடுவராக வரும் ஆசிரியர்களிடம் என் கோரிக்கை: 27 பாகை வரைபு மட்டும் ஒட்டிய கோப்புக்கு முழுப் புள்ளி போடாதீர்கள். பழைய மாணவர் சங்கத்தில் சாமானுக்குக் காசு தரும் நானாமாரே, நீங்களும் பொக்கெட்டில் கை வைக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை பாகையில ஓட்டிப் பார்த்தீங்க மகள்?" பதில் இல்லாவிட்டால் ஏச வேண்டாம். ஐந்து கோடுகளோடு அடுத்த கிழமை வரச் சொல்லுங்கள்.