இம்போசிஷன் வேண்டாம்: பிள்ளைகளின் எழுத்துப் பிழை பற்றி எங்கள் நிலைப்பாடு

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் பக்கத்துத் தெருக்களிலும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களின் அறிக்கை இது. ஒரு சொல்லைப் பிழையாக எழுதிய பிள்ளையை அதையே ஐம்பது முறை எழுதச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் வகுப்பில் அது கிடையாது. பள்ளியிலும் வீட்டிலும் அதைக் கைவிடும்படி கேட்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், இம்போசிஷனால் பயனே இல்லை. இருபதாவது வரிக்குமேல் கை மட்டும்தான் எழுதுகிறது. முதல் வரியில் ஒரு சுழி விட்டுப்போனால் ஐம்பது வரியிலும் அது விட்டுப்போகும்.

தமிழில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் அதிகமில்லை: ந, ன, ண, ர, ற, ல, ள, ழ, பிறகு ஒற்று. முதல் மூன்றுக்கு விடை எழுத்தின் பெயரிலேயே இருக்கிறது. ரெண்டு சுழி, மூணு சுழி என்று வடிவத்தை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். பழைய பெயர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். ஒரு சொல்லுக்குள் த-வுக்கு முன்னால் ந் வரும்: பந்து. ட-வுக்கு முன்னால் ண்: வண்டி. ற-வுக்கு முன்னால் ன்: கன்று. ஆறு பிள்ளைகளுக்கு ஆறு அட்டை கொடுத்து விசில் அடிக்கிறோம். அவரவர் ஜோடியைத் தேடி ஓடிப்போய்க் கைபிடிக்க வேண்டும். ண் அட்டைக்காரி தவறிப்போய் த-வின் கையைப் பிடித்தால் த-வே உதறிவிடும். நாங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஒற்றுக்குத் தெருவே போதும். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைப் பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்துவரச் சொல்கிறோம். ‘பயிற்ச்சி’, ‘முயற்ச்சி’ என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தால் ஒரு புள்ளி. போன முறை எங்கள் நோட்டீசிலேயே ஒன்றைப் பிடித்தார்கள். மறுபடி அச்சடித்தோம்.

ழ, ள விஷயத்தில் இப்படிக் கைகொடுக்கும் விதி இல்லை. ‘வாளப்பளம்’ என்று வீட்டில் பேசும் பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். பேச்சு அவர்கள் வீட்டுடையது. எழுத்தில் எப்படி வரும் என்று காட்டுவது மட்டுமே எங்கள் வேலை. அதனால் சொற்களையும் வீட்டிலிருந்தே எடுக்கிறோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தச்சு வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு இழைப்புளி தெரியும். அந்த ஒரே சொல்லில் ழ-வும் உண்டு, ள-வும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து வரும் பிள்ளை சாமையும் கடுக்காயும் தேனடையும் கொண்டுவரும். கீழே இருப்பவர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

2024 ஜூனில் இங்கே விஷச் சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் இந்தத் தெருக்காரர்கள். அந்தச் சாராயத்தில் இருந்த நஞ்சின் பெயரான ‘மெத்தனால்’ என்ற சொல்லை இங்குள்ள பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் ல, ள வேறுபாட்டுக்குப் பலரும் காட்டும் ‘கல், கள்’ ஜோடியை எங்கள் அட்டைகளில் சேர்க்கவில்லை. வால், வாள் இருக்கிறது. புலி, புளி இருக்கிறது. மறைப்பதால் என்ன லாபம் என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளையே அந்தச் சொல்லை எடுத்துவந்தால் தடுக்க மாட்டோம். நாங்களாக நீட்ட மாட்டோம்.

2022இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தை ஆதரிக்கிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம் தருவது சரியான வழி. ஆனால் அது தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டும். ஒற்றுப் பிழை அந்த வயதில்தான் வேர்விடுகிறது. நடுநிலைப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு பாடவேளையைச் சொல் விளையாட்டுக்கு ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கிழித்த நாட்காட்டித் தாள்களை எறியாதீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருப்பவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத்து அட்டைகளை அவற்றில்தான் செய்கிறோம்.